நாற்பது பேர் பிரித்த வீடு

இரண்டு இலைச் சோறு சாப்பிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்குத் தள்ளிவைத்தால் எங்கள் ஊர்ப் புத்தி எனக்கும் வந்து அதை அப்படியே முழுங்கிவிடுவேன். தேக்கு இலையில் ஆவி பறக்கிற சோறு, தேங்காய்ப்பால் விட்ட பலாக்காய்க் குழம்பு, கருவாடு, மிளகாய் இடித்த துவையல். முதல் இலையை வழித்து முடித்ததும், "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று நானேதான் நீட்டினேன். வாகியெம் சிரித்துக்கொண்டே போட்டாள். அவளுடைய வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்ற வந்த நாற்பது பேருக்கு நான்தான் தலைமைத் தச்சன். அது எனக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். போட்டவளுக்கு மட்டும் தெரியாது.

தூ. இத்தனை வருஷம் ஆகியும் பலாக்காய்க் குழம்பு வாசனை வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

என் பெயர் பார்மின். கெடுங்வாரு கிராமத்தில் பிறந்து கெடுங்வாருவிலேயே கிழவனானவன். வாகியெம்மின் அப்பா மர்த்தோ எனக்குப் பெரியப்பா மகன். அந்த முறையில் நான் அவளுக்குச் சித்தப்பா. எங்கள் பக்கத்தில் நிலம் வேறு, வீடு வேறு. வீடு என்றால் தேக்கு மரம். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. முளைகளைத் தட்டினால் பிரியும், வண்டியில் ஏற்றினால் போகும், மறு ஊரில் இறக்கிப் பூட்டினால் நிற்கும். மாட்டை விற்கிற மாதிரி வீட்டையும் தனியாக விற்கலாம். நிலம் யாருடையது என்பது ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். மரத்தை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும், யார் வீடு யாருடையது என்று ஊருக்கே தெரியுமே என்பார்கள். ஊருக்குத் தெரிந்து வைத்திருந்த லட்சணத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

மர்த்தோ அண்ணன் ஒன்பது வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அத்தனை வருஷமும் அவருக்குக் குளிப்பாட்டி, பீ மூத்திரம் எடுத்து, ஊட்டிவிட்டது கடைசி மகள் வாகியெம்தான். புருஷன் சுமத்ராவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன், ஒரு கடுதாசி போட்டதில்லை. பிள்ளையும் இல்லை. அடுப்படியில் சோயா அவித்து, நொதிக்கவைத்து டெம்பே கட்டி போட்டு, சந்தையில் விற்று அப்பாவைக் காப்பாற்றினாள். மூத்தவன் சுதர்ஜோ தன் பங்குக்கு வயலை முன்னாலேயே வாங்கி, அதை விற்றுவிட்டு செமாராங்கில் போய் உட்கார்ந்துகொண்டான். நோன்புப் பெருநாளுக்கு ஒரு பிஸ்கட் டின்னோடு வருவான். அதை அப்பாவின் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பான். பெற்ற அப்பன் நாறுகிறதாம் துரைக்கு.

சாவதற்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நானும் ஊர்த் தலைவர் ஹர்சோனோவும் போனோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அண்ணனுக்குப் பேச்சு குழறும். ஆனாலும் அன்றைக்குத் தெளிவாகச் சொன்னார்.

"மனையும் வீடும் யெம்முக்கு. பெரியவன் அவன் பங்க எடுத்துட்டான். நீங்க ரெண்டு பேரும் சாட்சி."

ஹர்சோனோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நானும் தலையை ஆட்டினேன். மறுவாரமே பதிவேட்டில் மனை வாகியெம் பெயருக்கு மாறியது. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்குதான். வீட்டைத்தான் எழுத இடமில்லையே.

அண்ணன் செத்த ஆயிரமாம் நாள் சடங்கு முடிகிற வரைக்கும் சுதர்ஜோ பொறுத்திருந்தான். முடிந்த மறு மாதம் ஒரு ஜீப்பில் வந்தான். கூடவே ஜகார்த்தா ஆள் ஒருத்தன், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. அவன் வீட்டுக்குள் வந்து வாகியெம்மை ஒரு வார்த்தை கேட்காமல் நாலு நடுத்தூண்களையும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். மாட்டுத் தொழுவத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் நிற்கிற செதுக்குப் பலகைத் தடுப்பைப் போட்டோ எடுத்தான். பாலித் தீவில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டலுக்கு இந்த மாதிரி வீடுதான் வேண்டுமாம். மாடு கட்டின இடத்தில் மேஜை போடுவார்களாம். வாகியெம் அவனுக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அண்ணனோடு வந்த விருந்தாளி இல்லையா.

நாலு நாள் கழித்து ஹர்சோனோ என்னையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். கிராம்பு சிகரெட் பாக்கெட்டைப் பிரித்து நடுவில் வைத்தார். சுதர்ஜோ வீட்டை விற்றுவிட்டானாம். ஊர் ஆட்களைக் கூட்டிப் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பது ஊர் வழக்கமாம். மனை மகளுக்குப் போய்விட்டதால் மரம் மகனுக்காம். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனுஷன், பாருங்கள்.

"யெம்முகிட்ட கூரை மாத்துற வேலைன்னு சொல்லிருக்காரு அண்ணன்காரரு. மத்தத அவரே நேரம் பாத்துச் சொல்லிக்குவாரு. அண்ணன் தங்கச்சி விஷயம், நாம நடுவுல வாயக் குடுக்க வேணாம்," என்றார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பெரிய நியாயஸ்தன் மாதிரி ஒரே ஒரு கேள்வி.

"அப்ப அவ எங்க படுப்பா?"

"ஏன், அடுப்படி இருக்குல்ல? மூங்கில் கட்டடம். அத யாரும் கேக்கலியே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்னாவி என்று ஒருத்தன், எனக்கு அடுத்த வீடு. டெம்பே சூட்டிலேயே தூங்கிக்கலாம், போர்வை மிச்சம் என்று சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். காட்டிவிட்டு ஒரு சிகரெட்டையும் எடுத்துக்கொண்டேன்.

ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஊர்ச் சாவடியில் கட்டையைத் தட்டினால் வீட்டுக்கு ஓர் ஆள் போயே ஆக வேண்டும். போகாதவன் வீட்டுக்கு நாளைக்கு ஒருத்தன் வரமாட்டான். அவன் வீட்டுக் கூரை ஒழுகினால் ஒழுக வேண்டியதுதான், அவன் வீட்டில் பிணம் விழுந்தால் அவனே குழி வெட்ட வேண்டியதுதான். எனக்கோ மகள் கல்யாணம் அடுத்த மாதம். பந்தல் போட, சமைக்க, பரிமாற ஊர் வேண்டும். இதெல்லாம் காரணம். நானும் வருஷக்கணக்காக இந்தக் காரணங்களை எனக்கே சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் வயிற்றில் தங்கமாட்டேன் என்கிறது.

அன்றைக்கு விடிந்ததும் கட்டை அடித்தது. நாற்பது பேர். லாரியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மறைவாக நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வழக்கப்படி இப்படி ஊர் கூடிச் செய்கிற வேலைக்குக் கூலி கிடையாது. வீட்டுக்காரர் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். சுதர்ஜோ ஒரு பிடி அரிசி கொண்டுவரவில்லை. வாகியெம் முந்தின நாளே டெம்பே விற்ற காசையெல்லாம் போட்டுச் சாமான் வாங்கி, கோழி கூவுவதற்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடமாட வந்திருந்தார்கள். என் மனைவி துகினெம்தான் மிளகாய் இடித்தாள். முந்தின ராத்திரி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஐயோ பாவம் என்றாள். பாவம் என்று சொன்ன வாயை அங்கே போய் அவளும் திறக்கவில்லை.

வாகியெம்முக்கு அன்று ஏகப்பட்ட சந்தோஷம். மழைக்கு முன்னால் கூரை மாறப்போகிறது, அதுவும் அண்ணன் செலவில். "அண்ணனுக்கு இப்பவாவது நெனப்பு வந்துச்சே சித்தப்பா" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். முதல் தரம் ஆமாம் என்றேன். இரண்டாம் தரம் இருமினேன்.

ஓடுகளை இறக்கிக் கைமாற்றிக் கைமாற்றி அடுக்கினார்கள். பத்து மணிக்குள் ரீப்பர், கைமரம் எல்லாம் கீழே. நான் சிவப்புச் சாயத்தில் குச்சியைத் தோய்த்து ஒவ்வொரு மரத்திலும் எண் போட்டுக்கொண்டு வந்தேன். எண் போடாவிட்டால் மறுபடி பூட்டும்போது பொருத்து மாறிப்போகும். கூரை மாற்றுவதற்கு ஓர் எண்ணும் தேவையில்லை. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டீத் தட்டோடு வந்தவள் நின்று பார்த்தாள்.

"எதுக்கு சித்தப்பா நம்பர் போடுறீங்க?"

"திரும்பப் பூட்டும்போது ஒழுங்கா வரணும்ல," என்றேன்.

என்ன திறமை பாருங்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. திரும்பப் பூட்டத்தான் போகிறார்கள், பாலியில். அவள் தலையை ஆட்டிவிட்டு, எனக்குத் தனியாக ஒரு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் பந்தி. அதைச் சொல்லிவிட்டேன். நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சப்புக் கொட்டுகிற சத்தமும் கருவாட்டு முள்ளைத் துப்புகிற சத்தமும்தான். சுதர்ஜோவும் சாப்பிட்டான், தங்கை கையால் பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டான். சாப்பிட்ட பிறகு அவன் அவளிடம் சொல்வான் என்றுதான் பேச்சு. அவன் கையைக் கழுவினான், வாயைத் துடைத்தான், நேரே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டான். ஹர்சோனோ என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

நான் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு போய் முதல் நடுத்தூணின் தலையில் இருந்த முளையை அடித்தேன். மூன்றாவது அடிக்கு வெளியே வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு டீக் கெண்டியோடு ஓடி வந்தாள்.

"சித்தப்பா, கூரைக்குத்தானே? தூண எதுக்குத் தட்டுறீங்க?"

நான் அடுத்த முளைக்கு நகர்ந்தேன். அவள் மற்றவர்களைப் பார்த்தாள். எல்லாரும் மரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் அவள் ஜீப்பைப் பார்த்தாள். சுதர்ஜோ ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். அந்த நேரத்துக்குச் சரியாக லாரி பின்பக்கமாக வாசலுக்குள் வந்தது. அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கத்தவில்லை, அழவில்லை. கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டீ கிடைக்காத நாலைந்து பேர் போய், அவளைத் தாண்டிக் கெண்டியை எடுத்துத் தாங்களே ஊற்றிக் குடித்தார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன். மனுஷ ஜென்மமா நாங்களெல்லாம்?

பொழுது சாய்வதற்குள் வீடு லாரியில் இருந்தது. அவளுடைய கட்டில், டெம்பே தட்டுகள், மாடு, அப்பா படுத்திருந்த கட்டில் எல்லாம் வெட்டவெளியில் வரிசையாக இருந்தன. செதுக்குப் பலகைத் தடுப்பில் மூன்று பலகை மட்டும் லாரியில் ஏறவில்லை. அவை ஹர்சோனோ வீட்டு முன்கூடத்துக்குப் போயின. எப்படித் தெரியும் என்கிறீர்களா? பொருத்திக் கொடுத்தவன் நான்தான்.

மூன்றாம் நாள் வாகியெம் தலையை இறுக்க முடிந்துகொண்டு சாவடிக்குப் போய்ப் புகார் வைத்தாள். தன்னைக் கேட்காமல் தன் வீட்டைப் பிரித்துவிட்டார்கள், வீடு திரும்ப வேண்டும், இல்லை விற்ற பணம் வேண்டும் என்று. அவள் அப்படிப் போவாள் என்று யாரும் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் சாவடிக்குப் போவதே இல்லை, அதிலும் சொந்த அண்ணன் மேல் புகார். ஹர்சோனோ கெட்டிக்காரர். உடனே பஞ்சாயத்தைக் கூட்டினார், ஊரையே கூப்பிட்டார். ஒரே நாளில் மூடிவிட வேண்டும் என்று கணக்கு.

சுதர்ஜோ செமாராங்கிலிருந்து இஸ்திரி போட்ட பாத்திக் சட்டையில் வந்தான். தங்கை மேல் தனக்கு எவ்வளவு பாசம் என்று கால்மணி நேரம் பேசினான். அவளுக்குத் தெரிந்துதான் எல்லாம் நடந்தது, ஊர்ப் பேச்சைக் கேட்டு இப்போது மாற்றிப் பேசுகிறாள் என்றான். அப்பா வாக்குக் கொடுத்ததாக இவள் சொல்வது கனவாக இருக்கும் என்றான்.

ஹர்சோனோ தொண்டையைச் செருமினார். அவர் பேசுகிறபோது குரலில் தேன் வடியும்.

"யெம், கோவிச்சுக்காதம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு வேலைக்கு வந்தவங்களுக்கு யாரு சோறு போட்டது?"

"நான்தான் போட்டேன்."

"அரிசி?"

"என்னுது."

"அவ்வளவுதான். சோறு போடுறவங்கதான் வேலைக்குச் சொந்தக்காரங்க. நம்ம வழக்கம் அதுதானே? வேலையச் சொல்லிட்டுச் சோறும் போட்டுட்டு, இப்ப தெரியாதுன்னா எப்படிம்மா?"

சுற்றிலும் ஆமாம் போட்டார்கள். அவளுடைய சோற்றையே எடுத்து அவள் கழுத்தில் கயிறாகப் போட்டுவிட்டாரே இந்த ஆள் என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

வாகியெம் தலைமுடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சரிங்க தலைவரே. சோறு போட்டவதான் சொந்தக்காரின்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப வீடு என்னுது. அடுத்தவன் வீட்டு வேலைக்கு எவளாவது சோறு போடுவாளா? என் வீட்ட நான் பிரிச்சேன்னே வச்சுக்குவோம். வித்தது யாரு? என் மரத்த விக்க அண்ணன் யாரு?"

சுதர்ஜோ சட்டைப் பொத்தானைத் திருகினான். ஹர்சோனோவுக்கு முகம் இறுகியது. எனக்கு ஒரு நிமிஷம் உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படிப் போடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மனசுக்குள் நான் பெரிய வீரன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, அப்பா சொன்னப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க. நீங்க பிரிச்ச வீடு யாரு வீடு? இவங்க எல்லாரும் கேக்கட்டும், சொல்லுங்க."

ஒரு வார்த்தை. 'உன் வீடு' என்று நான் சொல்லியிருந்தால் போதும். இன்னொரு சாட்சி ஹர்சோனோதான். ஊர் நடுவில் அவர் கூசாமல் மறுக்க வேண்டியிருக்கும். ஜகார்த்தாக்காரன் இன்னும் பாதிப் பணம் கொடுக்கவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும், அதையாவது நிறுத்தியிருக்கலாம். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஹர்சோனோ என்னைப் பார்த்துச் சிரித்தார். "மகள் கல்யாணம் என்னிக்குன்னு சொன்ன பார்மின்?" என்று சாதாரணமாகக் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

"நான் தச்சன். முளையத் தட்டச் சொன்னாங்க, தட்டினேன். வீடு யாருதுங்கிறதெல்லாம் எனக்குத் தெரியாது," என்றேன்.

வாகியெம் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, எல்லாருக்கும் குனிந்து மரியாதை செய்துவிட்டு, பெண்கள் போகிற மாதிரி ஓரமாகவே நடந்து வெளியே போனாள். ஹர்சோனோ குடும்பத்துக்குள் சமாதானம் ஆகிவிட்டது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் ஊரின் முழு அழகும் வெளியே வந்தது. அவளுக்குச் செய்ததற்கு வெட்கப்படுவார்கள் என்று பார்த்தால், அவள் மேலேயே கோபப்பட ஆரம்பித்தார்கள். சந்தையில் அவள் டெம்பே புளிக்கிறது என்றார்கள். அண்ணனைச் சபையில் அவமானப்படுத்தியவள் என்றார்கள். புருஷன் ஏன் திரும்பி வரவில்லை என்று இப்போதுதானே தெரிகிறது என்று ஒருத்தி என் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னாள். துகினெம் அப்படிச் சொன்னவளுக்குப் பாய் போட்டு உட்காரவைத்தாள். வாகியெம்மின் முகம் கண்ணில் படும்போதெல்லாம் நாங்கள் செய்தது ஞாபகம் வந்தது. அதற்கு அவளைத் திட்டுவது சுலபமாக இருந்தது. அவள் அடுப்படியில் படுத்து எழுந்து, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பத்து நாள் கழித்து மறுபடி கட்டை அடித்தது.

ஜகார்த்தாக்காரன் தூண் கற்களைக் கேட்கிறானாம். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு செதுக்கிய கல் உண்டு, மொத்தம் பதினாறு. கல் இல்லாமல் தூண் உட்காராதாம், மிச்சப் பணம் தரமாட்டானாம். மனை அவளுடையதாயிற்றே, கல் மனையில்தானே இருக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் கேட்டிருக்கிறான். ஹர்சோனோ அதற்கும் சட்டம் வைத்திருந்தார். மண்ணுக்குள் புதைந்திருந்தால் அது நிலம், மண் மேல் உட்கார்ந்திருந்தால் அது வீடு என்றார். எங்கள் ஊர் கேட்டுக்கொண்டது. எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்கிற ஊர்.

என் மகள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. போகவில்லை என்றால் தெரியும். போனேன்.

இந்தத் தடவை பதினைந்து பேர்தான். அடுப்படி மூடியிருந்தது. புகை இல்லை, டீ இல்லை, ஒரு செம்புத் தண்ணீர்கூட வாசலில் வைக்கவில்லை. வீடு நின்ற இடம் வெறும் தரையாக, பதினாறு கல்லும் பதினாறு இடத்தில் உட்கார்ந்திருந்தன. வெயில் ஏற ஏற ஆட்களுக்கு முணுமுணுப்பு வந்தது. கஸ்னாவி சத்தமாகவே கேட்டான், இது என்ன வேலை செய்கிற இடமா இல்லை சுடுகாடா என்று. பதினைந்து கல்லை லாரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதினாறாவது கல்லில், முன்பு ஒரு நடுத்தூண் நின்ற இடத்தில், வாகியெம் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். சுற்றி எடுத்துக்கொண்டே வந்தவர்கள் அவள்கிட்டே வந்ததும் நின்றுவிட்டார்கள்.

ஹர்சோனோ லாரி நிழலில் இருந்து, "நீ போய்ச் சொல்லு பார்மின், உன் அண்ணன் மகதானே," என்றார்.

போனேன். அவள் மெலிந்திருந்தாள். கைகளில் சோயாத் தொலி ஒட்டியிருந்தது.

"எந்திரிம்மா யெம்," என்றேன்.

"எந்திரிக்கிறேன். அன்னைக்கு ஒண்ணு கேட்டேன், தெரியாதுன்னீங்க. அத இப்ப சொல்லுங்க. இது யாரு வீடு சித்தப்பா?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஆட்கள் லாரியில் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹர்சோனோ டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்காது என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"உன் வீடுதாம்மா."

அவள் உடனே எழுந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருந்தவள் மாதிரி, மறுபேச்சு இல்லாமல். கல்லின் மேல் இருந்த தூசியைத் தன் துணி முந்தியால் ஒருதரம் துடைத்தாள்.

"சரி. எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கல்லை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு கல்தானே, ஒருத்தனால் முடிகிற காரியம்தானே. கஸ்னாவியைக் கூப்பிட்டேன். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கல் அவள் உட்கார்ந்திருந்த சூட்டோடு இருந்தது. தூக்கிக்கொண்டு நடந்தோம்.

லாரிக்குப் பக்கத்தில் வந்ததும் கஸ்னாவி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "ஒரு டீகூடக் குடுக்கல பாத்தியா. பொம்பளைக்கு என்ன திமிரு."

கல்லை மேலே தள்ளிக்கொண்டே நானும் "ஆமா" என்றேன்.